தற்காப்புக் கலை பயிலும் பிள்ளைகளை எப்படி ஓட வைக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்குவதால் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், குத்துச்சண்டை பயிற்சி முகாம்களுக்கான சுவரொட்டிகளை ஊரெங்கும் காண முடிகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, எங்கள் பகுதியில் சின்னஞ்சிறு ஊர்களில்கூடக் கம்பு பிடிக்கும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இன்றும் காலையில் மாணவர்களோடு மைதானத்தில் நிற்கும் எனக்கு இது பெரும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அடியையும் தடுப்பையும் கற்றுத் தருவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அவற்றைத் தாங்கி நிற்கும் ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் கற்றுத் தருவதில் நாம் காட்டுவதில்லை. இக்குறையைப் பயிற்சியாளர்கள், பெற்றோர், போட்டி நடத்துவோர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலான பயிற்சி இடங்களில் ஓட்டம் இரண்டு விதமாகவே நடக்கிறது. வகுப்பு தொடங்கும்போது, "பத்து ரவுண்டு ஓடிட்டு வாங்க" என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் உத்தரவு வரும். அல்லது தாமதமாக வந்தவனுக்கும் வரிசையில் நின்று பேசியவனுக்கும் அதே பத்து ரவுண்டு தண்டனையாக விதிக்கப்படும். ஒன்பது வயதுச் சிறுமிக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் அளவு ஒன்றுதான். வேகமாக ஓடி முடித்தவர்கள் வேப்ப மர நிழலில் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். உடல் பருத்த சிறுவன் ஒருவன் முகம் சிவக்கக் கடைசியாக வந்து சேர்ந்த நொடியில் விசில் ஊதப்பட்டு அடுத்த பயிற்சி தொடங்கிவிடும். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவனுக்குச் சிறிதும் ஓய்வு கிடைக்காது. அப்படிப்பட்ட சிறுவர்கள் சில வாரங்களில் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவதையும், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டப்படுவதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சண்டைக் கலைக்கு ஓட்டம் எதற்காக என்ற தெளிவு இருந்தால் இந்நிலை வராது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. டேக்வாண்டோவில் இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. ஜூடோவில் நான்கு நிமிடம், அதில் முடிவு வராவிட்டால் கால வரம்பில்லாத கூடுதல் நேரம். இந்த நிமிடங்களுக்குள் வீரர் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருப்பதில்லை. சில விநாடிகள் வெடிப்பது போன்ற தாக்குதல், பிறகு சற்று விலகி நகர்தல், மீண்டும் தாக்குதல் என்று ஆட்டம் செல்கிறது. அந்த வெடிப்புக்கான ஆற்றல் தசைக்குள் முன்பே சேமிப்பில் இருப்பதுதான். ஏறக்குறைய பத்து விநாடிகளில் அது பெருமளவு செலவாகிவிடும். செலவானதை மீண்டும் நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். இதயமும் நுரையீரலும் நன்கு பழக்கப்பட்ட வீரர் ஒரு நிமிட இடைவேளையில் பெருமளவு மீண்டுவிடுவார். அப்படிப் பழக்கப்படாதவர் எவ்வளவு அழகாக உதைக்கக் கற்றிருந்தாலும் கடைசிச் சுற்றில் கையைத் தூக்கித் தலையைக் காக்க முடியாமல் நிற்பார். நிதானமான நீண்ட ஓட்டத்தின் பயன் இங்கேதான் தெரியவரும்.

குத்துச்சண்டை வீரர்கள் விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடும் வழக்கம், உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளாக நடந்த காலத்தில் வேரூன்றியது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த போட்டியில் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ படுகாயமுற்று இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் படிப்படியாகப் பன்னிரண்டு சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. முப்பத்தாறு, நாற்பத்தைந்து நிமிடம் நிற்க வேண்டியவர்களின் பயிற்சியை, ஆறு அல்லது ஒன்பது நிமிடம் ஆட வேண்டிய மாணவனுக்கு அப்படியே கொடுப்பது பொருந்தாது. அதற்காக நீண்ட ஓட்டமே வேண்டாம் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இருபது முதல் முப்பது நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடினால் பதின்வயது மாணவருக்கு அடித்தளம் அமைந்துவிடும். வேகத்தை அளக்கக் கடிகாரமோ கருவியோ தேவையில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓடும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். "ஏழு மூணு இருபத்தொண்ணு" என்பதை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த வேகம் சரி. "ஏழு மூணு" என்று நிறுத்தி இரைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவ்வாறு செய்யும்போது ஒவ்வொருவரும் தத்தம் அளவில் ஓடுவதால் கடைசி என்று யாரும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள்.

இந்த அடித்தளம் அமைந்த பிறகே வேக ஓட்டம் வர வேண்டும். முப்பது விநாடி விரைந்து ஓடி, ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ நடந்து, மீண்டும் ஓடுவது சண்டையின் தாளத்துக்கு மிகவும் நெருங்கியது. இன்று பலரும் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாடாவின் பெயரால் நான்கு நிமிடப் பயிற்சி ஒன்றைக் கற்றுத் தருகிறார்கள். 1996இல் வெளிவந்த அவரது ஆய்வில் இருபது விநாடி உச்ச முயற்சி, பத்து விநாடி ஓய்வு என்ற முறை ஆறு வாரம் பின்பற்றப்பட்டது. அதில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் உயர்ந்ததோடு, ஆக்சிஜன் இல்லாமல் உழைக்கும் திறனும் 28 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் உடலுழைப்பில் பழகிய இளைஞர்கள். பயிற்சி நடந்தது நிலையான மிதிவண்டியில். ஏழெட்டுத் தடவையில் மேற்கொண்டு மிதிக்க முடியாமல் போகும் அளவுக்கு அதன் கடுமை இருந்தது. பத்து வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் தார்ச் சாலையில் குதிக்க வைத்துவிட்டு அதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது சரியல்ல.

ஓட்டத்துக்கு அப்பாலான பயிற்சிகளில் நம் ஆசான்கள் வைத்திருந்த வரிசையில் இன்றும் வியக்கத்தக்க பொருத்தம் இருக்கிறது. தண்டால் தோளையும் மார்பையும், பஸ்கி தொடையையும் இடுப்பையும், கர்லாக்கட்டை தோள் மூட்டின் முழுச் சுழற்சியையும் வலுப்படுத்துகின்றன. சிலம்பத்தின் காலடி வரிசைகளைக் கம்பில்லாமல் இரண்டு நிமிடம் இடைவிடாது செய்யச் சொன்னால், ஓட்டத்தில் சலிப்புறும் பிள்ளையும் வியர்க்க வியர்க்க ஆர்வத்துடன் செய்யும். மூச்சுக்கும் பயிற்சி, கலைக்கும் பயிற்சி. கயிறு தாண்டுதலும் அப்படித்தான். ஆனால் வாத்து நடையை மட்டும் அருள்கூர்ந்து கைவிட வேண்டும். முழங்காலை முழுவதுமாக மடக்கி, உடல் எடையை அதன்மேல் ஏற்றி, அதே நிலையில் திருகி நடக்கும்போது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்குகிறது. சிமென்ட் தரையில் மடக்கிய கைவிரல் முட்டிகளை ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பதும் வளரும் எலும்புக்கு நல்லதல்ல. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள எலும்பு மேட்டிலோ குதிகாலின் பின்புறத்திலோ வலி என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பெரும்பாலும் சாக்குப்போக்கு அல்ல. தசைநார் எலும்போடு சேரும் இடம் இன்னும் கெட்டிப்படாமல் இருப்பதால் வரும் வலி. குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்து, மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என்னை மிகவும் வருத்தும் செய்தி இனிமேல்தான். உடல் எடையின்படி பிரித்து நடத்தும் போட்டிகளுக்கு முந்தைய நாள், குறித்த எடைக்குள் வருவதற்காக நடக்கும் ஓட்டத்தைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. மாவட்ட அளவிலான ஒரு போட்டியின்போது, மைதானத்தின் ஓரத்தில் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, நண்பகல் வெயிலில் ஓடுவதைக் கண்டேன். கையில் ஒரு காலி பாட்டில். ஓடிக்கொண்டே அதில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான். மழைக்கோட்டின் கை விளிம்பிலிருந்து வியர்வை சொட்டியது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கவில்லை என்றான். இன்னும் அரைக் கிலோ குறைய வேண்டுமாம்.

உடல் தன் சூட்டைத் தணிப்பது வியர்வை ஆவியாவதால்தான். வியர்வை வெறுமனே வழிவதால் அல்ல. பிளாஸ்டிக் உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. ஆகவே நீரும் போகும், சூடும் ஏறும். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், இவ்வாறு காற்றுப் புகாத உடையணிந்து வெப்பமான இடத்தில் உடற்பயிற்சி செய்து எடை குறைக்க முயன்றபோது, சில வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளும் நீராவி அறைகளும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரமும் போட்டி நேரத்துக்கு அருகில் கொண்டுவரப்பட்டது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டி வாய்ப்பை இழந்தபோது நாடே கலங்கியது. ஓர் இரவு முழுவதும் உறங்காமல் உடலை வருத்தியும் அந்த எடை குறையவில்லை. அவரைச் சுற்றி மருத்துவர்களும் வல்லுநர்களும் இருந்தார்கள். நம் சிறுவர்களின் பக்கத்தில் அவசரத்துக்கு ஓர் ஐஸ்கட்டிகூட இருப்பதில்லை.

எனவே மாவட்ட, மாநில அளவில் போட்டி நடத்தும் அமைப்புகள், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உடை அணிந்து போட்டி வளாகத்தில் ஓடுவதை வெளிப்படையாகத் தடை செய்து, மீறினால் பயிற்சியாளர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். எடை பார்த்தலைப் போட்டிக்கு முந்தைய நாள் வைக்காமல், போட்டி நாளன்று காலையில் ஆட்டத்துக்குச் சற்று முன்பாக வைத்தால், நீரை வற்றவிட்டு மறுநாள் தேறிக்கொள்ளலாம் என்ற கணக்குக்கே இடமிருக்காது. பயிற்சி முகாமில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு, பெல்ட் எப்போது என்று கேட்பதோடு, எந்தத் தரையில், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் ஓட வைப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். மெல்லிய அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் ஷூவுடன் தார்ச் சாலையில் நாள்தோறும் ஓடும் பிள்ளைக்குக் கீழ்க்கால் எலும்பில் வலி வருவது அரிதல்ல. கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை என்பதால், கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது.

மண் தரையுள்ள மைதானங்கள் நம் அரசுப் பள்ளிகளில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன. விடுமுறை தொடங்கியதும் அவற்றின் வாயிற்கதவுகள் பூட்டப்படுவதால்தான் பயிற்சியாளர்கள் பிள்ளைகளைச் சாலைக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்தரை முதல் ஏழரை மணிவரை இம்மைதானங்களைப் பயிற்சிக்காகத் திறந்துவைக்கப் பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இணைந்து இந்த ஆண்டே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை மாவட்டம்.