அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பானர்

அம்பத்தூர், சென்னை
ஞாயிறு மாலை

டேய் சோடாபுட்டி,

ஆறு மாசமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது, மற்றபடி நலம். பெரியவள் பன்னிரண்டாவது. வீட்டில் அவளோடு சேர்ந்து இன்னொருத்தனும் ராத்திரி முழித்துப் படிக்கிறான்: பார்ட் டைம் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். அரியர் மன்னனுக்கு இது தேவையா என்று நீ கேட்பதற்குள் என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்.

தலைப்பு இன்னும் வேடிக்கை. ஒரே கம்பெனிக்குள் டிசைனும் உற்பத்தியும் ஏன் ஒட்டமாட்டேன் என்கின்றன? அதாவது மாடியில் ஏசியில் நீ, கீழே கூலன்ட் நாற்றத்தில் நான்.

அசெம்ப்ளிக்குச் சுலபமாக டிசைன் பண்ணுவது பற்றி பூத்ராய்டும் டூஹர்ஸ்ட்டும் 1980-களில் செய்த வேலையில்தான் ஆரம்பித்தேன். ஒரு பாகத்தைப் பார்த்து மூன்று கேள்வி. மற்றதிலிருந்து விலகி அசைகிறதா? வேறு பொருளில் செய்தே ஆகவேண்டுமா? மாட்ட, கழற்றத் தனியாக இருக்கணுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது தனிப் பாகமாக இருக்க வேண்டியதில்லை. உன் பிராக்கெட் மூன்றிலும் ஃபெயில்டா!

அப்புறம் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன். இன்ஜினீயர்களின் மேசைக்கு மேசை தூரத்தை அளந்து, 50 மீட்டர் தாண்டினால் பேச்சு ஏறக்குறைய அற்றுப்போகிறது என்று 1977-லேயே எழுதிவிட்டார். நமக்கு நடுவே 22 படிதான். தினம் ஒரே டீக்கடை வேறு. கிரிக்கெட் பேசினோம், டிராயிங் பேசவில்லை.

பெத் பெச்கி என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதியதுதான் மனசில் நின்றது. இன்ஜினீயருக்கு டிராயிங் வழியாகப் புரிகிறது, அசெம்ப்ளிக்காரருக்கு மெஷின் வழியாக. ஒரே வார்த்தை, இரண்டு அர்த்தம். பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் முடிச்சு அவிழ்கிறது.

இதெல்லாம் சரி. போன வாரம் ஆய்வுக்காகக் கீழே உற்பத்தியில் வேலை பார்க்கும் ஒரு பையனிடம், மாடியிலிருந்து வந்த ஒரு தப்பான டிராயிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "முதல் பீஸ்லயே தப்புன்னு தெரியும் சார். ஓட்டட்டும், அவங்களே மாட்டட்டும்னு விட்டுட்டேன்" என்றான். எனக்குப் பேனா ஓடவில்லை.

உன் பிராக்கெட், அந்த 400 பீஸ் ஞாபகம் இருக்கா? முந்தின நாள் சாயங்காலமே ஃபோர்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். போல்ட்டுக்குப் பக்கத்துச் சுவர் இடித்து ஸ்பானர் திரும்பவில்லை. கிரைண்டரில் பொறி பறக்க ஸ்பானர் வளையத்தைத் தேய்த்து மெலித்து, "இப்ப போவுது பாரு தம்பி" என்றார். நம்ம ஷாப்பில் அந்த ஸ்பானரால் மாட்ட முடிந்தது. கஸ்டமர் லைனில் ஏது அந்த ஸ்பானர்? 400-ம் திரும்பி வந்தது. மெமோ உனக்கு.

22 படி ஏற எனக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்ததுடா. அந்த வாரம் மீட்டிங்கில் "கீழ இருக்கவங்களுக்கு டிராயிங் படிக்கத் தெரியாது" என்றாயே, அந்தக் கடுப்பு. மறுநாள் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

ஸ்பானர் என் மேசை டிராயரில் இருக்கிறது. இந்தக் கதையை ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்கிறார் கைடு. உன் பேர் வராது, ஆனாலும் நீ சரி என்றால்தான். போன் பண்ணாதே, சிரித்து மழுப்பிவிடுவாய். எழுது.

உன்
அரியர்