நீ பாதியில் நிறுத்திய பேச்சு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு மாம்பலம் வீட்டில் அம்மாவின் ஸ்கேன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் 'ம்... ம்...' கொட்டிக்கொண்டே கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீ பாதியில் பேச்சை நிறுத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "நீ முன்ன மாதிரி இல்லடா" என்றாய். ஒரு வாரமாக அதுவே மனதில் ஓடுகிறது.

மாறித்தான் போயிருக்கிறேன். ஆனால் பழியை முழுக்க இன்டர்நெட் மேல் போட மனசு வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு ஊருக்குள் வந்துவிட்டது. மொட்டை மாடியின் ஒரு மூலையில்தான் சிக்னல். ஒரே குடைக்குள் நின்று, ஜாபர்கான்பேட்டையில் யாருக்குப் படகு வேண்டும், சைதாப்பேட்டையில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று முகம் தெரியாத ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு நம்பரையும் நீ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பச் சொல்வாய். லைன் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பப் போடுவாய். அன்றைக்கும் என் கையில் இருந்தது போன்தான். எதிர்முனையில் ஒரு பாட்டி அழுதுகொண்டே விலாசம் சொன்னாரே, அந்தத் தெருப் பெயர் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு போனில் எனக்கு ஒரு வேலை இருந்தது. முடிந்ததும் எடுத்து வைத்தேன். அதற்கும் முன்னால், தி.நகர் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய் கொடுத்து உட்காருவோம். நேரம் முடிந்தால் எழுந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும். இப்போது முடிவே கிடையாது. தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகும் இந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். அடியே தெரியாத கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டே இருக்கிறேன் அக்கா. எதிரே நீ உட்கார்ந்திருக்கிறாய்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சில தகவல்களைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அதைச் சேமித்து வைக்கும் என்று நம்பியவர்களுக்கு, அழிந்துவிடும் என்று நினைத்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் நின்றது. படித்ததும் சுருக்கென்றது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பதாக நீ சொன்ன நொடியிலேயே என் காது மூடிக்கொண்டது. அதான் இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். கல்லீரலின் அளவு, ஏதோ ஒரு கட்டியின் மில்லிமீட்டர், எல்லாம் இருந்தது. அதை டாக்டர் சொன்னபோது அம்மா என்ன கேட்டாள், நீ அவளிடம் என்ன சொல்லிச் சமாளித்தாய் என்பது அதில் இல்லை.

நாளைக்குக் காலையில் வருகிறேன். டாக்டர் ரூமுக்குள் போனதிலிருந்து எல்லாவற்றையும் எனக்கு மறுபடியும் சொல்.

உன் தம்பி