ஏற்காட்டிலிருந்து ஒரு சோப்புக் கணக்கு

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சண்முகம்,

இங்கு வசந்தா, நான், என் முழங்கால் வலி ஆகிய மூவரும் நலம். உன் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சம்பத்தின் கல்யாணத்துக்கு நீ எழுதிய வாழ்த்து, அவன் மகனுக்கு மொட்டை அடித்த அன்று வந்து சேர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அனுப்பிய சோப்புக் கட்டிகள் கிடைத்ததும் நீ தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விதான் இதை எழுத வைக்கிறது. "கடையில் கிடைப்பதை வீட்டில் செய்து என்ன மிச்சம்?" என்றாய். ஆடிட்டராக முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே முதலில் கணக்கையே சமர்ப்பிக்கிறேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அப்படி முழுவதும் மாற்றினால் அது துணிக்கு நல்லது, தோலை வறட்டிவிடும். அதனால் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மாறாமல் தங்கட்டும் என்று 146 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். கிடைப்பது ஏறக்குறைய பன்னிரண்டு கட்டி. 2025-இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய பிறகு, ஒரு கட்டிக்கு அடக்க விலையே முப்பத்தைந்து ரூபாய்க்குக் குறையாது. என் கூலியை நீ சேர்க்க மாட்டாய் என்று தெரியும், வசந்தாவும் சேர்ப்பதில்லை. கடையில் இதைவிட மலிவான சோப்பு வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே உன் கேள்விக்கு விடை, மிச்சம் ஒன்றும் இல்லை என்பதுதான். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக்கொள்.

ஆனால் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான், அறுபது வருடமாக உடம்பில் தேய்த்த பொருள் என்னவென்றே எனக்குத் தெரிந்தது. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இட வேண்டும். தண்ணீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், எவர்சில்வர்தான் சரி. ஜன்னல்களைத் திறந்து, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு நான் நிற்கும் கோலத்தைப் பார்த்துப் பேரன் கைதட்டுகிறான். அடுப்பே இல்லாமல் கரைசல் தானாகச் சூடேறும். அது ஆறிய பின் எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டி போன தடம் மேலே நிற்கும். அச்சில் ஊற்றிய அன்றே துண்டு போட்டுவிட வேண்டும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சீக்கிரம் இறுகிவிடும், மறுநாள் கத்தி வைத்தால் உடையும். அதன் பிறகு நிழலில், காற்றோட்டமாக நான்கு வாரம் உலர விட வேண்டும். அந்த நான்கு வாரமும் நான் அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடப்பதைப் பார்த்து, "மகள் பிரசவத்துக்குக்கூட நீங்கள் இப்படி நடக்கவில்லை" என்று வசந்தா சொல்கிறாள்.

இன்னொன்றும் கேள். சோப்பு உருவாகும்போது கிளிசரினும் கூடவே உண்டாகிறது. பெரிய தொழிற்சாலைகளில் அதைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுவது வழக்கம். வீட்டுச் சோப்பில் அது அப்படியே தங்குகிறது. கடைச் சோப்பின் உறையில் பொடி எழுத்தில் 'டி.எஃப்.எம்.' என்று ஒரு சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். அதில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76-உம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதற்கும் கீழே இருப்பவை குளியல் சோப்பு என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாமல் 'பேத்திங் பார்' என்று விற்கப்படுகின்றன. நடிகையின் படத்தைப் பார்த்துச் சோப்பு வாங்கிய நான், இப்போது கடையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உறையைத் திருப்பிப் படிக்கிறேன். எல்லாச் சோப்பையும் நான் செய்வதில்லை. துணிக்குக் கடைச் சோப்புதான். ஆனால் வாங்குகிறவனுக்கு அந்தப் பொருளைச் செய்யவும் தெரிந்திருந்தால், கடைக்காரர் அவனிடம் பேசும் பேச்சே மாறிவிடுகிறது.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்போது பிடித்தது என்று நீ கேட்டதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, சேலத்துக்குப் போக்குவரத்து நின்றுபோனதல்லவா, அப்போது வசந்தா மகளின் பிரசவத்துக்காகக் கீழே அஸ்தம்பட்டியில் இருந்தாள். நான் இங்கே தனியாக இருந்தேன். கரண்ட் இல்லை, போன் இல்லை, சிலிண்டரும் தீர்ந்துவிட்டது. கையில் பணம் இருந்தது; அதைக் கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும், இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த அம்மா ஒருவர், அவர் வீட்டுக் கூரையே ஒழுகிக்கொண்டிருந்த நேரத்தில், கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். மழை விட்டதும் நான் பணத்தை நீட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டு, "இதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா சாமி" என்று போய்விட்டார். அவருக்குத் திருப்பிக் கொடுக்க, என் கையால் ஆன ஒரு பொருள்கூட அந்த வீட்டில் இல்லை, சண்முகம். தூக்குச் சட்டியைக் கழுவி வெறும் சட்டியாகத்தான் திருப்பிக் கொடுத்தேன். நம் ஊரில் வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

முதல் சோப்பு முழுவதும் அந்த வீட்டுக்குத்தான் போயிற்று. பதிலுக்குப் பூந்திக்கொட்டை வந்தது. அதை ஊறவைத்துக் கொதிக்க வைத்த நீரில்தான் வசந்தா இப்போது பட்டுப்புடவையும் கம்பளியும் அலசுகிறாள். அதற்குப் பதிலாக என் கொல்லைக் காப்பி போயிற்று. பழத்தின் தோலை நீக்கி, ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்த காப்பி. வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகிறது என்பதை உன் கணக்கில் குறித்துக்கொள். மணத்தைக் கணக்கில் எழுத உனக்குப் பத்தி இருக்காது.

உங்கள் அப்பாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில், ஊதுகுழலை வாயில் வைத்துக் கொலுசின் மணிக்குப் பொடி வைத்து ஊதும் அந்தக் கை. நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தால், "போங்கடா, போய்ப் படிங்க, கையில கரி படாத வேலைக்குப் போங்க" என்று விரட்டுவார். நாமும் அவர் சொன்னபடியே கேட்டோம். நீ ஆடிட்டர் ஆனாய், நான் வங்கிக்குப் போனேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் ஆள் கூப்பிடுவதற்குக் கற்றுக்கொண்டோம். அந்த விசிறியில் பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டரை மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒன்றுதான். நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, மெயினை அணைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறினால் பதினைந்து நிமிட வேலை. குழாய் சொட்டினால் ஒரு வாசர். இவற்றுக்கு ஆள் வரும்வரை நாள் கணக்கில் காத்திருந்து, வந்தவரிடம் கோபித்துக்கொண்டதுதான் நம் படிப்பு. மீட்டர் பெட்டிப் பக்கமும் கேஸ் குழாய்ப் பக்கமும் மட்டும் நான் போவதில்லை. உயிரோடு விளையாடுவது வேறு விஷயம்.

இதைச் சொன்னால் காந்தியவாதியாகிவிட்டாயா என்று கேட்பாய். கேள். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா உன் தொழில்காரர்தான். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளராகி, செக்கு எண்ணெயையும் கைக்குத்தல் அரிசியையும் கைக்காகிதத்தையும் பற்றிக் கணக்குப் போட்டார். அதற்கும் முன்பே, 1925-இல், நம் பழைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி ஆசிரமம் அமைத்து, சுற்றுவட்டாரப் பெண்களை நூற்க வைத்தார். எனக்குப் புரிந்தவரை, இவர்கள் யாரும் ஒவ்வொரு வீடும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நூற்றவர் வேறு, நெய்தவர் வேறு. யாரிடமும் எதுவும் கேளாமல் வாழ்வதைத் தற்சார்பு என்று இப்போது சில இளைஞர்கள் சொல்கிறார்கள். தீப்பெட்டியையும் தானே செய்யப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருக்கிறது என்று தோன்றுகிறது. உண்பது, உடுப்பது, கழுவுவது, பழுது பார்ப்பது ஆகிய நான்கிலும் கை முடங்கிப் போகாமல் இருக்க வேண்டும். மற்றதற்குப் பக்கத்து வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தற்சார்பு.

இனி, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து வந்த விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சரசு போய் வருகிற ஆவணியோடு ஒரு வருடம் ஆகப் போகிறது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் உனக்கு பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு வருகிறது. மழையில் டெலிவரிப் பையன் வராத அன்று இரவு பிஸ்கட் தின்று படுத்துக்கொண்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வசந்தா வந்து என்ன என்று கேட்டபோது சோப்பைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றிரவு அவள் ரசத்துக்குத் தாளிக்கும்போது, "சண்முகம் அண்ணனுக்கு இதையாவது சரசு சொல்லிக் கொடுத்திருக்கலாம்" என்றாள். சரசு சொல்லிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். உன்னைச் சமையலறைக்குள் விடாதவர்கள் உன் அம்மாவும், உன் பெருமையும். உன் மகன் அமெரிக்காவுக்கு வா என்கிறான், நீ போகமாட்டேன் என்கிறாய். அது உன் உரிமை. ஆனால் நங்கநல்லூரில்தான் இருப்பேன் என்றால், அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆகவே ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு மாதம் இங்கே வந்து இரு. சோப்பெல்லாம் அப்புறம். முதலில் சோறு குழையாமல் வடிப்பது, ரசம், ஒரு கீரை, ஒரு துவையல், டிக்காஷன். இட்லி மாவு அரைப்பதற்கு வசந்தா பொறுப்பு. என் இட்லியைப் பற்றி இந்த வீட்டில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. முதல் வாரம் நீ முணுமுணுப்பாய், அதற்கும் தயாராக இருக்கிறோம்.

வரும்போது செவ்வாய்ப்பேட்டையில் தம்பி வீட்டில் இறங்கி, பரணில் இருக்கும் உங்கள் அப்பாவின் பட்டறைத் தராசைப் படிக்கற்களோடு கேட்டு வாங்கிக்கொண்டு வா. என் சமையலறைத் தராசு ஐந்து கிராமுக்குள் வரும் வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. சோடாவுக்கு அது போதாது. அப்படியே லீ பஜாரில் கால் கிலோ குண்டு மிளகாயும் வாங்கு, இங்கே விலை அதிகம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பழைய கதை உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஜன்னல் ஓரம் உட்கார், முன் இருக்கையில் யாரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்.

ரயிலுக்கு முன்பதிவு செய்ததும் தேதியை எழுது. போனில் சொன்னால் மழுப்பிவிடுவாய்.

அன்புடன்,
கந்தசாமி