விட்லோட் வேறு, ராசவள்ளி வேறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில், “நம்மூர் ராசவள்ளிக்கிழங்கைத்தான் பிரான்ஸில் விட்லோட் என்கிறார்கள்” என்று எழுதியிருந்தது. போட்ட படமும் ராசவள்ளிதான். பாரிஸில் 22 வருசம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவன் நான். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன், அதனால் எழுதியவர்மேல் கோபமில்லை.

இங்கே வந்த முதல் குளிர்காலம். சந்தையில் கறுப்பாய், முண்டும் முடிச்சுமாய் ஒரு சின்னக் கிழங்கு கிடந்தது. கடைக்காரர் ஒன்றைப் பிளந்து காட்டினார். உள்ளே அசல் ராசவள்ளி நிறம்! விலைகூடக் கேட்காமல் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். அறையில் நாங்கள் ஐந்து பேர், தை மாசம், எல்லாருக்கும் வீட்டு நினைவு. தோல் சீவித் துண்டாக்கி அவித்து, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் வாங்கிய தேங்காய்ப்பாலும் சீனியும் ஒரு கிள்ளு உப்பும் போட்டுத் துழாவினேன். எவ்வளவு துழாவியும் ராசவள்ளிக் கூழின் அந்த வழுவழுப்பு வரவில்லை. அவித்த தண்ணீரோடு பாதி நிறம் போய்விட்டது. சட்டியில் மிஞ்சியது சாம்பல் பூத்த கத்தரிப்பூ நிறத்தில், நாக்கில் மணல்மணலாய் ஒரு கூழ். “உருளைக்கிழங்குப் பாயாசமோ அண்ணை?” என்று ஒருவன் கேட்டான். பகிடிக்குக் கேட்டாலும் அவன் சொன்னதுதான் உண்மை.

விட்லோட் உருளைக்கிழங்கேதான். கத்தரி, தக்காளியின் சொந்தம். பூர்வீகம் தென் அமெரிக்க அந்தீஸ் மலை. ராசவள்ளி வேலியில் படரும் கொடி. பிலிப்பைன்ஸ்காரர் ‘ஊபே’ என்பது அதைத்தான். ஜப்பானின் ஒகினாவாவில் பேர்பெற்ற ஊதாக் கிழங்கோ வத்தாளங்கிழங்கு இனம். மூன்றுக்கும் ஒற்றுமை நிறம் மட்டுமே. அந்த நிறம் அந்தோசயனின், நாவற்பழத்தில் நாக்கைக் கறுப்பாக்குகிற அதே வகை. அதற்கென்று ருசி கிடையாது.

அப்படியென்றால் விட்லோட்டின் ருசி என்ன? இங்கத்தைய ஆட்கள் செஸ்நட் போல என்பார்கள். நமக்குச் சொல்வதென்றால் சுட்ட பலாக்கொட்டை. அந்த மாவு ருசி, லேசான எண்ணெய்ப்பிடிப்பு, கடைசியில் மழை பெய்த தோட்டத்து மண்ணின் வாசம். இனிப்பு மிகக் குறைவு. சதை இறுக்கம், ஈரம் கம்மி. தோலும் தடிப்பு, கண்கள் ஆழம். பச்சையாய்ச் சீவப் போனால் பாதி கிழங்கு குப்பைக்குப் போகும், நகக்கண்ணும் கறுக்கும்.

எங்கள் செஃப் முதல் நாளே சொல்லித்தந்தது: முழுசாய், தோலோடு, உப்புத் தண்ணீரில் அவி, சூட்டோடு உரி. நறுக்கி அவித்தால் நிறம் தண்ணீருக்குப் போய்விடும். பாரிஸ் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அதில் மிச்ச நிறமும் நீலம் பாயும். சலாட் செய்தால் கொஞ்சம் வினாகிரி விடுங்கள், புளிப்புப் பட்டதும் கிழங்கு செம்மை ஏறும். மசிப்பதென்றால் கையால் மட்டும். பிளெண்டரில் போட்டால் மாப்பொருள் உடைந்து பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். ஆனால் இந்தக் கிழங்கின் உண்மையான ருசி பொரியலில்தான். மெல்லிசாய்ச் சீவி எண்ணெயில் போட்டால் நிறமும் நிற்கும், பலாக்கொட்டை வாசமும் தூக்கலாய் வரும்.

உங்கள் குறிப்பை நம்பி இங்கே யாராவது தேங்காய்ப்பால் வாங்கிவிட்டால், அதைக் கறிக்கு வைத்துக்கொள்ளட்டும். ராசவள்ளி வேண்டுமென்றால் லாச்சப்பலில் நம் கடைகளில் குளிர்ப்பெட்டியைக் கிளறிப் பார்க்கலாம். சீவித் துண்டாக்கி, உறைய வைத்துச் சில நேரம் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமையற்காரன் ஒருவன்,
பாரிஸ்