ஆங்கில வழி வகுப்பில் தமிழுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினால் பாடமும் புரிந்துவிடும் என்று சென்னைப் பெற்றோர் பலர் நம்புகிறார்கள். கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் கைவரும். பாட மொழியில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் பிடிக்கும். அதுவும் தெருவெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரில் குடியேறிய பிள்ளைகளுக்கு! வியாசர்பாடியில் வகுப்பறையைத் தாண்டினால் ஆங்கிலம் காதில் விழுவதே அரிது.

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று: ரவியிடம் 12 பென்சில், மாலாவிடம் 7, 'ஹௌ மெனி மோர்?' (ரவியிடம் எத்தனை அதிகம்?) 'மோர்' என்றதும் பிள்ளை கூட்டி 19 என்று எழுதுகிறது. தவறு போடும் முன் அதே கணக்கைத் தமிழில் கேளுங்கள். பிழை கணக்கிலா, மொழியிலா என்பது அப்போதே தெரியும்.

புதுக் கருத்தை முதல் 10 நிமிடம் தமிழில் பேசவிட்டு, ஐந்தாறு ஆங்கிலச் சொற்களைப் படத்தோடு தந்து, பிறகு ஆங்கிலத்தில் எழுத வைக்கலாம். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. தமிழ் எப்படியும் வரும் என்று பிள்ளை ஆங்கிலத்தைக் கவனிப்பதையே விட்டுவிடும்.

தொடக்க வகுப்புத் தேர்வுகளில் கணக்கு, அறிவியல் வினாக்களை இரு மொழியிலும் அச்சிடக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

ஆசிரியர் பயிற்றுநர்,
பெரம்பூர், சென்னை