கடல் அட்டை வேறு, கடல் நத்தை வேறு

ஆசிரியருக்கு,

மேற்கு வங்கத்தின் திகாவிலும் ஒடிசாவின் உதய்பூர் கடற்கரையிலும் கிடைத்த சிற்றுயிருக்குக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவைச் சிறப்பிக்கும் வகையில் 'மெலனோகிளாமிஸ் துரௌபதி' என்று பெயர் வைத்ததைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு நெல்மணி அளவு, அதாவது 7 மி.மீ.க்குள் அடங்கும் உடல், பழுப்புக் கருமை நிறம், பின்முனையில் மாணிக்கச் சிவப்பாக ஒரு புள்ளி என்று அடையாளங்களைச் சொன்ன விதம் அருமை. ஆனால் தலைப்பில் 'கடல் அட்டை' என்று போட்டுவிட்டீர்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி மீனவர்களிடம் கடல் அட்டை என்றால் வேறு உயிர். அது நட்சத்திர மீனுக்கு உறவு, 2001 முதல் பிடிக்கவே தடை. இதுவோ நத்தை இனம். ஓடு சிறுத்து உடலுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

காட்பாடியில் மாலை நேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி, கீழே 'நட்சத்திர மீன் குடும்பம்' என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். கடல் அட்டையைப் பற்றித் தேடிப் படித்துத்தான் எழுதியிருக்கிறாள். அவள்மேல் தப்பே இல்லை. கடலையே பார்த்திராத பிள்ளை, வேறு எப்படித் தெரிந்துகொள்வாள்? உருவம், உடலமைப்பு, மரபணு என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியதை நாம் ஒரே சொல்லில் கலந்துவிடலாமா? இனி இவற்றைக் 'கடல் நத்தை' என்றே எழுதுங்கள். அப்புறம், அறிவியல் பெயரையும் எந்த இனத்துக்கு உறவு என்பதையும் சேர்த்து ஒரு வரி போடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர்.