இயற்பியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

அமெரிக்க இயற்பியல் முன்னோடிகளின் ஆய்வுகளைச் செய்துபார்த்தே கற்பது எனச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஆண்டின் பெரும்பகுதி, எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வுக்கே சென்றது. இரு உலோகத் தட்டுகளுக்கிடையே மின்னூட்டமுள்ள துளி விழும் நேரத்தையும், மின்புலத்தால் ஏறும் நேரத்தையும் கொண்டு அதைக் கணக்கிடுகிறோம். அது தகும்.

1909-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதலில் நீர்த்துளிகளைத்தான் அளந்தார்கள். அளந்து முடிப்பதற்குள் அவை ஆவியாகிச் சிறுத்தன. எண்ணெய்க்கு மாறிய பிறகே ஒரே துளியை நெடுநேரம் ஏற்றி இறக்க முடிந்தது. கருவியை அமைத்ததில் ஆய்வு மாணவர் ஹார்வி ஃபிளெட்சரின் பங்கு பெரிது. மில்லிகனின் 1910 கட்டுரையில் ஃபிளெட்சர் பெயர் இல்லை. நம் பலகையில் இருவர் பெயரும் உள்ளன.

இனிச் செய்யப்போகும் உறுப்பினர்களுக்கு: தட்டுகளை ரசமட்டம் வைத்துச் சமன்செய்யாவிட்டால் துளி பக்கவாட்டில் நழுவிப் பார்வையை விட்டுப் போய்விடும். தெளிப்பானை ஒருமுறை அமுக்கினால் போதும். மீறினால் மேல்தட்டின் துளை எண்ணெயால் அடைபடும். வேகமாக விழும் பெரிய துளியில் மின்னூட்டம் எலக்ட்ரானுடையதைப் போல் பத்து மடங்கா, பதினொன்றா என்று பிரிக்க இயலாது. மின்புலம் இல்லாதபோது அரை மில்லிமீட்டர் விழச் சுமார் 15 நொடி எடுக்கும் துளியைத் தேர்ந்தெடுங்கள். தட்டிடைவெளி 7.6 மி.மீ. என்றால் 500 வோல்ட் கொடுத்து, ஏறும் நேரத்தையும் விழும் நேரத்தையும் பத்து முறையாவது குறியுங்கள். மிகச் சிறிய துளிக்கு, காற்றின் தடையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் விதியை அப்படியே போட்டால் மின்னூட்டம் கூடுதலாக வரும். அதைச் சரிசெய்யும் கன்னிங்ஹாம் திருத்தத்தை விடாதீர்கள்.

விளக்குச் சூட்டில் காற்று சுழலும், அதன் பாகுநிலையும் (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) மாறும். இதைத் தவிர்க்கவே மில்லிகன் தட்டுகள் இருந்த கலத்தை 40 லிட்டர் எஞ்சின் எண்ணெயில் மூழ்கவைத்தார். அவ்வளவு கவனமாக இருந்தும் 1913-இல் எலக்ட்ரான் மின்னூட்டமாக அவருக்குக் கிடைத்தது 1.592 × 10⁻¹⁹ கூலூம். இன்றைய மதிப்பு 1.602 × 10⁻¹⁹. அவர் எடுத்துக்கொண்ட காற்றின் பாகுநிலை சுமார் 0.4 விழுக்காடு குறைவு. சூத்திரத்தில் அது ஒன்றரை அடுக்காக வருவதால் பிழை 0.6 விழுக்காடானது. துளியை எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாலும் இந்தப் பிழை தெரியாது. ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் வெப்பநிலையை எழுதியே தீரவேண்டும்.

வரும் ஆண்டுக்கு மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி: ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்து, தோன்றும் ஒளி-இருள் பட்டைகளைப் பார்க்கும் கருவி. 1887-இல் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் பாதரசத்தில் மிதந்த கல்மேல் அதை அமைத்தார்கள். பாதரசம் நச்சு, நாம் காற்றடைத்த டியூப்மேல் கடப்பைக் கல்லை வைக்கலாம். தெருவில் லாரி போனாலும் பட்டைகள் கலையும் என்பதால் இரவில்தான் அளக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடப்பைக் கல் கைவசம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தெரிவிக்கவும்.

செயலாளர்